நகத்தில் நின்ற துளி

பதினான்கு செம்மறிகளை வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் ரஃபிலாவுக்கு ஆடு வளர்க்கத் தெரியாது என்று ஊருக்குத் தெரிந்தது. ரஃபிலா என்கிற எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

இத்தாலியில் இரண்டு வருடம் ஓட்டல் படுக்கை விரிப்பு துவைத்துச் சேர்த்த காசு. சொந்த மலைநாடான மராமுரேஷுக்குத் திரும்பியதும் அத்தனையையும் ஆடாக்கினேன். ஈஸ்டருக்குக் குட்டிகளை விற்றாயிற்று. இனி மே மாதம், பால் அளக்கும் நாள். அன்று பன்னிரண்டு வீட்டு ஆடுகளும் ஒரே மந்தையாகச் சேர்ந்து மலையேறும். ஏறும் முன் அவரவர் ஆட்டை அவரவரே கறக்க வேண்டும். அந்த ஒரு கறவையில் வாளியில் எவ்வளவு தேறுகிறதோ, அதுதான் கணக்கு. கோடை முழுக்க மேலே செய்யும் பாலாடைக்கட்டியில் நம் பங்கு அதை வைத்துத்தான்.

எனக்கோ காம்பைப் பிடித்தால் நாலு சொட்டு.

தலைமை மேய்ப்பர் வசாலியேயிடம் போனேன். "கத்துக்கொடுக்கவா? அதான் பாக்கெட்ல போன் இருக்கே, அதைக் கேளு" என்றார். பக்கத்து வீட்டு கவ்ரில், "எப்படியும் இலையுதிர்காலத்துல ஆட்டை விப்பல்ல, அப்ப முதல்ல என்கிட்ட சொல்லு" என்றான். கடைசியில் தொதோரா அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். முப்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைகள், இரண்டு வருடமாக அளவில் முதலிடம். போட்டிக்காரியிடமே போய் நிற்கிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது.

அக்கா மேலும் கீழும் பார்த்தாள்.

"விடியறதுக்குள்ள வா. என் முப்பது ஆட்டையும் கற."

"எனக்கு ஏன்க்கா சொல்லித் தர்றீங்க?"

"ஆசையா எனக்கு? உன் ஆடும் என் ஆடும் ஒரே மந்தைடி. சரியாக் கறக்காம உன்னோடதுக்கு மடி வீங்கினா நாளைக்கு என்னோடதுக்கும் வீங்கும்."

இரண்டு வாரம் போனேன். அவள் அதிகம் பேசமாட்டாள், திட்டுவாள். "மாவு பிசையிறியா? கட்டைவிரலை மடக்கு!" பால் நின்றதும் எழுந்தால், "உட்காரு. குட்டி என்ன பண்ணும்? தலையால முட்டும். மடியை முட்டிட்டு ரெண்டாவது தடவை கேளு. நல்ல பாலே அப்பத்தான் வரும்" என்பாள். விரல் முட்டியால் மெல்ல மோதுவேன். நிஜமாகவே வரும். முப்பது ஆட்டையும் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் அளவுக்குக் கை ஓடியது.

அளவுக்கு மூன்று நாள் இருக்கும்போது அக்கா திடீரென்று கேட்டாள்.

"ஆமா, நீ இங்க இருக்கயில உன் ஆட்டை யாரு கறக்கிறா?"

"என் அண்ணன் மிஹோக்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அடி பைத்தியக்காரி! என் ஆடெல்லாம் உனக்குப் பழகிடுச்சு. உன் ஆடு உங்கண்ணனுக்குப் பழகிடுச்சு. அன்னிக்கு யாரு கறக்கணும்? ஓடு! இனி இந்தப் பக்கம் வந்தே, காலை ஒடிப்பேன்!"

ஓடினேன். அன்று மாலை என் பதினான்கும் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தன. இரண்டு உதைத்தன. ஒன்று வாளிக்குள் காலை விட்டது. மூன்று நாளும் பட்டியிலேயே கிடந்தேன். சோளக்களியும் வெங்காயமும் அங்கேயே. எதற்கு வால் பக்கம் தொட்டால் ஆகாது, எது முதலில் வந்து நிற்கும், எல்லாம் பிடிபட்டது.

அளக்கும் நாள். பட்டியின் குறுகிய வாசலில் மணைபோட்டு உட்கார்ந்தேன். ஊரே வேலியைச் சுற்றி நின்றது.

"இத்தாலிக்காரி! சோப்பு போட்டுக் கறப்பியா?" இது கவ்ரில்.

"வா, உன் வாயைக் கழுவுறேன்" என்றேன். சிரிப்பு.

பதிமூன்று ஆடுகள் தந்துவிட்டன. கடைசி, கறுப்பு மூஞ்சி, பாலை அடக்கிக்கொண்டது. அடுத்தவர் ஆட்டை யாரும் தொடக்கூடாது. அக்கா தன் மணையிலிருந்து என் பக்கம் திரும்பவே இல்லை. காம்பை விட்டேன். மூச்சு விட்டேன். விரல் முட்டியால் மெல்ல மோதினேன். ஒன்று. இரண்டு. மடி இளகியது. வாளியில் சத்தம் மாறியது.

வசாலியே கோடு வெட்டிய குச்சியை வாளியில் இறக்கினார். பார்த்தார். மறுபடி இறக்கினார். ஆட்டுக்கு இவ்வளவு என்று வகுத்தால் பன்னிரண்டு வீட்டில் மூன்றாவது!

ஊர் குச்சியையே எட்டிப் பார்த்தது. தொதோரா அக்கா கத்தினாள்.

"தண்ணி கலந்திருப்பா! நகத்துல விட்டுப் பாருங்க!"

எங்கள் ஊரில் அளவில் கடைசியாக வருபவர் பாலை யாரும் நகத்தில் விட்டுப் பார்ப்பதில்லை. எதற்குப் பார்க்க? நிறையக் கறந்தவர்மேல்தான் சந்தேகம் வரும். போன வருடம் தன் பாலை மூன்று தடவை பார்த்தார்கள் என்று அக்கா இன்றும் பெருமை பேசுவாள்.

வசாலியே கட்டைவிரல் நகத்தில் ஒரு துளி விட்டு, கையைச் சாய்த்தார். தண்ணீர் கலந்த பாலென்றால் வழிந்து ஓடும். இந்தத் துளி ஓடவில்லை. உருண்டு திரண்டு அப்படியே நின்றது.

"பால்தான். நல்ல பால்" என்றார்.

அக்கா முகத்தில் அவ்வளவு சிரிப்பை நான் பார்த்ததில்லை. நான் மணைமேல் ஏறி நின்று கத்தினேன்.

"அக்கா பாலையும் நகத்துல விட்டுப் பாருங்கய்யா! மூணு தடவை!"