பத்தொன்பது சீட்டுகளும் ஒரு குடையும்

சின்னவளுக்கு ஆங்கிலத்தில் சொத்து சேர ஆரம்பித்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம். அதற்கு முன்னால் எந்த மொழியிலும் அவளிடம் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை.

பேருந்து நிலையத்தில் ஏழு வருஷமாக மூன்று நடைமேடைகளைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களை எடுத்து வைத்துத் திருப்பிக் கொடுக்கும் அறையில் ஓர் ஆள் வேலை காலியானது. அந்த வேலைக்கு உட்கார நாற்காலி உண்டு. நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறைக் குடியிருப்பு ஒன்றும் உண்டு. ஒரே நிபந்தனை, பொருள் யாருடையது, எப்படி இருக்கும் என்று ஆங்கிலத்தில் எழுதத் தெரிய வேண்டும். வேலை கேட்டவர்களுக்கு நிலையமே ஆறு வாரம் வகுப்பு நடத்தியது.

சின்னவளுக்கு நாற்காலி மேல் ஆசை இல்லை. அந்த ஒற்றை அறைக் குடியிருப்பு மேல்தான் உயிர். கல்யாணமான நாளிலிருந்து அவளும் புருஷனும் மூத்தார் வீட்டில் குடும்பம் நடத்துகிறார்கள். குடும்பம் நடத்துவது என்பது நம் வார்த்தை. "எங்களோட ஒட்டிக்கிட்டு இருக்காங்க" என்பது ஓரகத்தி பெரியவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லும் வார்த்தை.

முதல் வகுப்பில் ஆசிரியை 'ஐ ஹேவ்' என்று பலகையில் எழுதி, உங்களிடம் என்னென்ன இருக்கிறதோ சொல்லுங்கள் என்றார். தள்ளுவண்டிக்காரர் மூன்று மாடி வீடு வைத்திருந்தார். டிக்கெட் கிழிக்கிறவரிடம் இரண்டு கார் இருந்தது. அரை மணி நேரத்தில் அந்த வகுப்பில் ஏழை என்று ஒருத்தர்கூட மிச்சமில்லை.

"வீட்ல இருக்கிற ஒவ்வொரு பொருள் மேலயும் ஒரு சீட்டு ஒட்டுங்க. அது உங்களோடது, எப்படி இருக்குன்னு எழுதுங்க. போகும்போது வரும்போது கண்ணுல பட்டா தானா மனசுல நின்னுடும்" என்றார் ஆசிரியை. வீட்டில் இருக்கும் பொருளெல்லாம் அவரவருடையதாகத்தான் இருக்கும் என்று நம்பும் அளவுக்கு அந்த அம்மாளின் வாழ்க்கை சௌகரியமாகப் போயிருக்க வேண்டும்.

சின்னவள் சொன்ன சொல் தட்டாதவள். மறுநாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து பத்தொன்பது சீட்டுகள் ஒட்டினாள். 'மை ஃப்ரிட்ஜ். இட் இஸ் ஒயிட்.' 'மை சோபா. இட் இஸ் சாஃப்ட்.' ஸ்டூல் போட்டு ஏறி, 'மை ஃபேன். இட் இஸ் ஸ்லோ.' அவள் மனதில் ஒரு கள்ளமும் இல்லை. அன்றைய பாடத்தில் 'மை' மட்டும்தான் வந்திருந்தது, அடுத்தவர் சொத்தெல்லாம் அடுத்த வாரம்தான்.

பெரியவள் எட்டாவதோடு நின்றவள். ஆனால் 'மை' எது என்று கண்டுபிடிக்க அந்தப் படிப்பு தாராளமாகப் போதும். ஃப்ரிட்ஜைப் பார்த்தபோது புருவம் ஏறியது. வாஷிங் மெஷினைப் பார்த்தபோது மூச்சு வாங்கியது. பீரோவில் 'மை பீரோ. இட் இஸ் ஃபுல்' என்று இருந்ததை விரல் வைத்துப் படித்து முடித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஃபுல்லாமே. திறந்து வேற பாத்திருக்கா."

சாயங்காலம் சோபாவில் சாய்ந்தபடி மூத்தார் விசாரணையைத் தொடங்கினார். "நான் இருக்கும்போதே பாகம் பிரிக்க ஆரம்பிச்சாச்சா?"

"இல்ல மாமா, இங்கிலீஷ் பாடம்."

"பாடமா? ஊரைப் பிடிக்கிறவன் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிப்பான். முதல்ல பேர் எழுதி ஒட்டுவான்."

கோபத்தில் எழுந்து கூடத்தில் இரண்டு நடை நடந்தார். அவர் பின்பக்கத்தில் 'மை சோபா. இட் இஸ் சாஃப்ட்' ஒட்டிக்கொண்டு கூடவே நடந்தது. சிரிக்கும் துணிச்சல் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

சின்னவளின் புருஷன் நல்லவர்தான். சங்கடம் வந்தால் அண்ணாந்து ஃபேனைப் பார்ப்பது அவர் வழக்கம். அன்றைக்கும் பார்த்தார். அங்கேயும் ஒரு சீட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சரி, எது உன்னோடது, எது எங்களோடதுன்னு இப்பவே பாத்துடலாம்" என்று பெரியவள் முன்னால் நடந்தாள். சின்னவள் பின்னால் போய் ஒவ்வொரு சீட்டாகக் கிழித்தாள்.

"கட்டில் எங்க கல்யாணத்துக்கு வாங்கினது."

"தலையணை அக்கா?"

"உறை உன்னோடது. உள்ள இருக்கிறது எங்களோடது."

கடைசியில் கதவு மூலையில் நின்ற குடைக்கு வந்தார்கள். பெரியவள் அதை விரித்தாள். ஒரு கம்பி உடைந்து தொங்கியது. மடக்கி அவள் கையிலேயே கொடுத்தாள்.

"இத நீயே வச்சுக்க."

சின்னவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஏழு வருஷம் இந்த வீட்டைத் துடைத்தது போதாதென்று ஊருக்கு வந்து போகிறவர்கள் காலடியையும் துடைத்தாயிற்று, மிச்சம் ஒரு குடை. அதுவும் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. தொங்கிய கம்பியை நீல நூலால் கட்டிக்கொண்டாள். பரீட்சைக்கு இருபது வாக்கியம் வேண்டும். வேறு வழியில்லாமல் இருபதையும் அந்தக் குடை மேலேயே எழுதிப் பழகினாள். மிச்சமிருந்த ஐந்து வாரமும் அவள் ஆங்கிலம் அந்தக் குடையை விட்டு வெளியே வரவில்லை.

பரீட்சை, மறந்துவிட்ட பொருள்களை வைக்கும் அறையிலேயே நடந்தது. "உங்க சொந்தப் பொருள் ஒண்ணைக் கொடுங்க. எங்க ஆள் அதை இங்க கிடக்கிற சாமான்களோட கலந்து வச்சிடுவார். அது எப்படி இருக்கும்னு எழுதுங்க. அதைப் படிச்சிட்டு, பாக்காத இன்னொரு ஆள் போய்க் கண்டுபிடிச்சுக் கொண்டுவரணும்" என்றார் நிலைய மேலாளர்.

தள்ளுவண்டிக்காரர், 'மை பேக். இட் இஸ் பியூட்டிஃபுல்' என்று எழுதினார். யாரோ ஒரு குழந்தையின் பூப்போட்ட பால்புட்டிப் பை வந்தது. டிக்கெட் கிழிக்கிறவர், 'மை வாட்ச். இட் இஸ் வெரி காஸ்ட்லி' என்று எழுதினார். தேடப் போனவர் அவருடைய வாட்சைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இதுவாக இருக்காது என்று திரும்ப வைத்துவிட்டார்.

சின்னவளின் முறை வந்தபோது தேடுகிறவர் சலித்துக்கொண்டார். அந்த அறையில் நாற்பத்தாறு குடைகள், முக்கால்வாசி கறுப்பு. அவள் எழுதிய தாளைக் கொடுத்தாள். கறுப்புக் குடை. மரக் கைப்பிடி. கைப்பிடியில் மூன்று கீறல். ஒரு கம்பி உடைந்தது. உடைந்த இடத்தில் நீல நூல் கட்டு. ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. பட்டன் கிடையாது. இன்னும் பதின்மூன்று வரிகள் பாக்கி இருக்கும்போதே குடை வந்துவிட்டது.

மேலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருபது வரியும் ஒரு குடையைப் பத்தியா? வேற எதுவும் இல்லையா உங்ககிட்ட?"

"நோ சார். ஐ ஹேவ் ஒன் அம்ப்ரெல்லா."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அடுத்த மாதமே குடியிருப்புச் சாவி கைக்கு வந்தது.

குடிபோன முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியவள் பார்க்க வந்தாள். உள்ளே நுழைந்து, நின்ற இடத்திலிருந்தே நான்கு சுவரையும் பார்த்து முடித்தாள். அதற்குக் கழுத்தைத் திருப்பினாலே போதுமாக இருந்தது. பிறகு கதவில் ஒட்டியிருந்த சீட்டை விரல் வைத்துப் படித்தாள். 'மை ரூம். இட் இஸ் ஸ்மால்.'

"நீயே எழுதி வச்சிருக்க பாரு, ஸ்மால்னு" என்றாள், ரொம்பத் திருப்தியாக.

சின்னவள் குடையை ஆணியில் மாட்டினாள். "அன்னைக்கு உங்களுக்கு 'மை'ங்கிற முதல் வார்த்தைதான் பெருசா கண்ணுல பட்டுச்சு. இன்னைக்குக் கடைசி வார்த்தை மட்டும் படுதாக்கா?"