ஞாயிற்றுக்கிழமை ஹைட்ரஜன்

நேரலை. ஹைட்ரஜன் காரிலிருந்து இறங்கிய தொகுப்பாளர் குரோனுமா, கேமராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"மூணே நிமிஷம்! ரொப்பிட்டுக் கிளம்பிடலாம். பேட்டரி வண்டிக்காரங்க அதுக்குள்ள காபி குடிச்சு, பேப்பர் படிச்சு, ஒரு குட்டித் தூக்கமும் போடணும்!"

திரும்பினார். சுவா ஏரிக்கரை ஹைட்ரஜன் நிலையத்தின் வாசலில் சங்கிலி தொங்கியது. பலகையில் ஒரே வரி: ஞாயிறு விடுமுறை.

சிரிப்பு உதட்டிலேயே உறைந்தது.

கேமராவுக்குப் பக்கத்தில் வசனத் தாள்களோடு நின்ற நகிசாவின் காதுக் கருவி அலறியது. டோக்கியோவிலிருந்து தயாரிப்பாளர் ததேபே.

"ஏம்மா, நிலையத்துக்குச் சொல்லலையா?"

"இல்ல சார்."

"எப்பவும் நீதானே போன் பண்ணித் திறக்க வைப்பே!"

"ஞாயித்துக்கிழமை கார் ஓட்டுற ஜனங்க யாரும் அப்படி போன் பண்றதில்லையே சார். உள்ளது உள்ளபடி காட்டணும்னு நீங்கதானே சொல்வீங்க?"

அவள் போன் போட்டால், நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுக்கும் ஹைட்ரஜன் கார் கம்பெனி ஆள் அனுப்பி நிலையத்தைத் திறக்கும். திரையில் அது என்றைக்கும் திறந்தே இருக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அவள் அண்ணன் வதாரு தயாரித்த பேட்டரி வேனைப் பனிக்காலத்தில் இதே நிகழ்ச்சிக்காகப் படம்பிடித்தார்கள். பாதி சார்ஜ் மட்டும் ஏற்றி, கதவுகளைத் திறந்துபோட்டு, ஹீட்டரை முழு வேகத்தில் ஓடவிட்டார்கள். வேன் மலைப்பாதையில் நின்றது. இழுவை வண்டி தூக்கிப்போவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். 'ஐஸ் பெட்டி' என்று பெயர் வைத்தவர் குரோனுமா. ஆர்டர்கள் போயின. பட்டறையைப் பூட்டிய வதாரு இப்போது வாசலுக்குக்கூட வருவதில்லை. வெட்டாத முழுப் படத்தை நகிசா பிறகுதான் பார்த்தாள்.

"அவரைப் பேச வை! தாளைக் காட்டு!" ததேபே கத்தினார்.

"இதோ சார்."

வசனத்தைப் பெரிய வெள்ளைத் தாளில் எழுதித் தூக்கிப்பிடிப்பதுதான் அவள் வேலை. தாளில் இருப்பதை, மூளையைக் கேட்காமலே குரோனுமாவின் வாய் படித்துவிடும்.

"பனிக்காலத்துல நாங்க காட்டின பேட்டரி வேனுக்கு," கம்பீரமாகத் தொடங்கினார், "பாதி சார்ஜ்தான் ஏத்தினோம். கதவைத் திறந்துவச்சு ஹீட்டரை ஓடவிட்டதும் நாங்களே..."

குரல் இடறியது. நகிசா தாளை இன்னும் உயர்த்தினாள்.

"விளம்பரத்துக்குப் போங்கடா!" காதில் ததேபே.

"அடுத்த விளம்பரமே அவங்க காருதான் சார்!" அங்கிருந்து வேறு யாரோ பதறினார். "இதைச் சொன்ன கையோட அதைப் போட்டா, கம்பெனி நம்மைக் கொன்னுடும்!"

அந்தத் தயக்கம் அவளுக்குப் போதும். அடுத்த தாள்.

"முரோய் வதாரு அவர்களிடம்... மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

கீழே ஒற்றைச் சொல்: குனியவும்.

அந்தச் சொல்லே தேவைப்படவில்லை. மன்னிப்பு என்று வாய் சொன்னதும் இடுப்பு தானாக மடிந்தது. தொப்பி தரையில் விழுந்தது. நேரலையில் கேட்கும் மன்னிப்பில், எப்போது நிமிரலாம் என்பதைத் தாள் பிடிப்பவர்தான் சொல்ல வேண்டும்.

முகம் சிவந்தது. அரை நிமிடம் ஆகியும் நிமிரவில்லை.

"நகிசா... போதுமா?" தரையைப் பார்த்து முனகினார். நேயர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள்.

நகிசா பேனாவை மூடினாள்.

"இன்னும் கொஞ்சம் சார்."