மூன்றரை அடிக் கலவா

நகர்மன்றத் தேர்தலுக்கு ஏழு மாதம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தையல்காரரின் இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி மூன்றரை அடி இடைவெளியில் நின்றுவிட்டன. அதற்குமேல் விலகவும் இல்லை, நெருங்கவும் இல்லை. அதே கூடத்தில் இருந்த தூண்டில் சங்கத்தார் இன்னும் பதினெட்டுப் பேருக்கும் இதுவே நடந்தது. பல் டாக்டருக்கு ஐந்தேகால் அடி, பேக்கரிக்காரருக்கு நாலு அடி, கடிகாரம் பழுதுபார்ப்பவருக்கு ஒன்பது அங்குலம். மற்றவர்களுடையது இவற்றுக்கு நடுவில். அன்று காற்று மிதமாக வீசியது, அலைகளும் சாதாரணமாகத்தான் இருந்தன.

சங்கத்தார் மீன் விற்றுப் பிழைப்பவர்கள் அல்ல. வாரம் ஆறு நாள் அவரவர் கடை கண்ணியைப் பார்த்துவிட்டு ஏழாம் நாள் படகுத்துறையில் மடக்கு நாற்காலி போட்டுத் தூண்டிலோடு உட்கார்பவர்கள். அந்த விரிகுடா முழுக்கப் பாறை. வலைப்படகுகள் உள்ளே வர நகர்மன்றம் அனுமதித்ததில்லை. தூண்டிலுக்கு மட்டும் தடை இல்லை, ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பிடித்த மீனின் வகையையும் நீளத்தையும் ஓர் அட்டையில் எழுதி, படகுத்துறையின் முனையில் மீன்வளத் துறை வைத்திருக்கும் பெட்டியில் போட வேண்டும். பெட்டியைச் சுற்றி நின்று பேசிச் சிரித்தபடி எழுதுவது சங்கத்தாரின் பழக்கம். ஒருவர் ஒரு அடி என்று எழுதிவிட்டால் அடுத்தவர் ஒன்றேகால் அடிக்குக் குறைத்து எழுதுவது தன்மானப் பிரச்சினை. கடையில் கால் அங்குலம் பிசகினாலும் தையலைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கும் தையல்காரர்கூட, பெட்டிக்கு முன்னால் வந்தால் அளவு நாடாவையே கேள்விப்படாதவர்போல ஆகிவிடுவார். அட்டையை யாராவது படிப்பார்கள் என்று பதினோரு வருடமாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

மீன்வளத் துறையின் எழுத்தர் ஒருவர் எல்லாவற்றையும் படித்திருந்தார். படித்ததோடு நிற்காமல் வருடவாரியாகக் கூட்டி, சராசரி எடுத்து, வரைபடமும் போட்டிருந்தார். மீன்கள் வருடத்துக்கு வருடம் நீண்டுகொண்டே போயின. உண்மையில் அவை வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டிருந்தன. கடைசியாகப் படகுத்துறையில் ஒரு அடியைத் தாண்டிய மீனைப் பார்த்தவர் அதைப் பார்த்து நாலு வருடம் ஆகியிருந்தது. வரைபடம் மேலிடத்துக்குப் போயிற்று. இவ்வளவு பெரிய மீன்கள் உள்ள விரிகுடாவை இன்னும் வலைப்படகுகளுக்குத் திறக்காமல் இருப்பது ஏன் என்று அங்கிருந்து கேள்வி வந்தது. நேரில் விசாரித்துவர ஓர் இளம் அதிகாரியை அனுப்பினார்கள். அவர் சங்கக் கூடத்துக்கு வந்து, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, ஆளாளுக்கு ஒரே கேள்வியைக் கேட்டார்: "நீங்க பிடிச்சதிலேயே பெரிய மீன் எவ்வளவு நீளம் சார்? கையால காட்டுங்க, போதும்." பத்தொன்பது பேரும் காட்டினார்கள். தையல்காரர் காட்டியது கலவா மீன். அவர் நிஜமாகப் பிடித்த கலவா ஆறு அங்குலம், அதுவும் கிழிந்த வாலையும் சேர்த்து. அதிகாரி குறித்துக்கொண்டு நன்றி சொல்லிப் போய்விட்டார். சங்கத்தாரின் கைகள் காட்டியபடியே நின்றன.

தையல்காரருக்கு ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். 'இரு கைகளுக்கும் இடைவெளி நாற்பத்திரண்டு அங்குலம், மற்றபடி இயல்பு' என்று அறிக்கை வந்தது. வலது கை சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வாய்க்குப் போனால் தையல்காரரின் இடது கை சன்னலுக்கு வெளியே போனது. பஸ்ஸில் இரண்டு இருக்கை தேவைப்பட்டது. கத்தரிக்கோலை ஒரு கை பிடித்தால் துணியைப் பிடிக்க ஆளில்லை. அதுவரை காஜா மட்டும் எடுத்துக்கொண்டிருந்த மனைவி வெட்டுமேசைக்கு முன்னால் வந்து நின்றார். "புளுகினது நீங்க, வெட்டுறது நானா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வெட்ட ஆரம்பித்தார். முதல் மாதத்தில் நாலு சட்டைகள் கெட்டன. ஐந்தாம் மாதம் வாடிக்கையாளர்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள். தையல்காரர் வாசல் பக்கம் நின்று துணி அளந்துகொடுத்தார். அவருடைய கைகளின் அளவு எந்த நாடாவைவிடவும் துல்லியமாக இருந்தது.

இதற்கு மருந்து என்ன என்பது தற்செயலாகத் தெரியவந்தது. கடிகாரம் பழுதுபார்ப்பவர் பயந்த சுபாவம் உள்ளவர், பொய்யையும் பயந்துதான் சொல்லியிருந்தார். மூன்றாவது வாரம், விரிகுடாவில் பிடித்த ஒன்பது அங்குல மீன் ஒன்றை அண்டை வீட்டார் அவரிடம் நீட்ட, அவர் இரண்டு கைகளுக்கும் நடுவில் அதை வாங்கினார். தலை ஒரு கையில் முட்டியது, வால் மறு கையில் முட்டியது, கைகள் தொப்பென்று விழுந்தன. அதன்பின் மற்றவர்களும் சும்மா இருப்பார்களா? ஐஸ் பெட்டியில் வந்த வெளியூர் மீன்களை வாங்கி வைத்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. அதே விரிகுடா மீனாக இருக்க வேண்டும், நீளம் நூல் பிசகாமல் இருக்க வேண்டும். விரிகுடாவிலோ ஒரு அடிக்குமேல் எதுவும் மிச்சமில்லை.

தேர்தலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ஐஸ் ஃபேக்டரி முதலாளி, மற்றவர் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற டீச்சர். சங்கத்தார் எப்போதும் மொத்தமாக ஓட்டுப் போடுபவர்கள். ரோடு, தண்ணீர், விளக்கு என்று யார் என்ன வாக்குக் கொடுத்தாலும் காதில் வாங்க மாட்டார்கள். தூண்டிலில் கைவைக்காதவர் யாரோ அவருக்கே ஓட்டு. ஐஸ் முதலாளி இது தெரிந்தவர். கூடத்துக்கு வந்து, "தூண்டில் உங்க உரிமை. அதைத் தொட எவனுக்கும் அதிகாரம் இல்ல. வலைப்படகு வந்தா மட்டும் என்ன குறைஞ்சிடப்போகுது? உங்க அட்டைய எல்லாம் நானே படிச்சுப் பார்த்தேன், நம்ம கடல்ல மீன் நிரம்பி வழியுது!" என்றார். ஒருவராலும் கைதட்ட முடியவில்லை. தன்னை அவமானப்படுத்துகிறார்கள் என்று நினைத்து அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். டீச்சர் மறுநாள் சைக்கிளில் வந்தார். "அஞ்சு வருஷம் விரிகுடாவை மூடணும். வலை, தூண்டில் ரெண்டுக்கும்தான். சொல்லிட்டேன், அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு தையல்காரரின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பத்தொன்பதரை அங்குலம் என்று அவர் பார்த்த மாத்திரத்தில் கணித்தார், செவிலி அளந்தபோது அதுவே இருந்தது. தூக்கிக்கொள்ள நெருங்கினார். அவருடைய கைகளுக்கு நடுவில் அந்தக் குழந்தையைப்போல இரண்டு குழந்தைகளைப் படுக்கவைக்க இடம் இருந்தது, ஒன்றைப் பிடிக்கத்தான் வழியில்லை. மகள் குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு, "வேணாம்பா, கழுத்து இன்னும் நிக்கல" என்றாள். அவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதார். கண்ணைத் துடைக்கப்போன கை துடைத்தது, மறு கை வராந்தாவில் போன ஒருவரின் தொப்பியைத் தட்டிவிட்டது. இருபத்தெட்டு வருடத் தையல் வாழ்க்கையில் அவர் அவ்வளவு வேதனைப்பட்டதில்லை.

அன்று மாலையே சங்கக் கூட்டத்தைக் கூட்டினார், அவர்தான் செயலாளர். டீச்சருக்கு ஓட்டுப் போடுவோம் என்றார். தலைவரான பல் டாக்டர், கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைய முடியும் என்பதால், வாசலிலேயே நின்றபடி எதிர்த்தார்.

"யோசிச்சுப் பேசுங்க செயலாளரே. கடல மூடுங்கன்னு நாமளே சொன்னா, அங்க மீன் இல்லைன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அப்ப இத்தனை வருஷமா எழுதினதெல்லாம் என்னன்னு ஊரே கேக்கும்."

"கேக்கட்டும் டாக்டர். ரெண்டு கையும் விரிச்சுக்கிட்டுத் தெருவுல போறோம். இதுக்குமேல ஊருக்கு என்ன தெரியணும்?"

"அஞ்சு வருஷம் ஞாயித்துக்கிழமை என்னய்யா பண்றது?"

"சும்மா உக்காந்திருப்போம். இப்ப மட்டும் என்ன கிழிக்கிறோம்? நான் பிடிச்ச கலவா ஆறு அங்குலம். ஆறே அங்குலம், டாக்டர். மூணரை அடின்னு எழுதினேன்."

 உண்மையைச் சொன்னால் கைகள் சரியாகிவிடும் என்று நினைத்துச் சிலர் அவருடைய கைகளையே உற்றுப் பார்த்தார்கள். அவை அசையவில்லை. அட்டை ஏற்கெனவே அலுவலகத்துக்குப் போய்விட்டது, பேசித் திரும்ப வாங்க முடியாது என்று பேக்கரிக்காரர் சொன்னார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து உள்ளதைச் சொன்னார்கள். ஏழு அங்குலம், ஐந்து அங்குலம், ஒருவர் வாழ்நாளில் பிடித்ததே இல்லை. பல் டாக்டர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

வாக்குச்சாவடியில் மறைப்பு ஒன்றரை அடி அகலம். தையல்காரரின் வலது கை உள்ளே முத்திரை குத்தியது, இடது கை வெளியே காற்றில் நின்றது. அந்தக் கையின் விரலில்தான் அலுவலர் மை வைத்தார். பல் டாக்டரின் இடது கை பக்கத்து மறைப்புக்குள் போய்விட்டதாக ஒரு பெண்மணி புகார் கொடுத்தார், விசாரித்துவிட்டுத் தள்ளுபடி செய்தார்கள். டீச்சர் பதினோரு ஓட்டில் ஜெயித்தார். கை சரியாகிப்போன கடிகாரக்காரர் ஐஸ் முதலாளிக்குப் போட்டார் என்பது ஊரறிந்த விஷயம். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவருக்குத் தூண்டில் பிடிக்கக் கை இருந்தது.

விரிகுடாவைச் சுற்றி மிதவைகள் கட்டினார்கள். முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வருடம் பாறைகளுக்கு நடுவில் குஞ்சுகள் திரிந்தன. ஐஸ் முதலாளி இரண்டு முறை வழக்குப் போட்டார், இரண்டிலும் பதினோரு வருட அட்டைகளைச் சாட்சியாக வைத்தார், இரண்டிலும் சங்கத்தார் வரிசையாகக் கூண்டேறி, கைகளை விரித்தபடி, தாங்கள் பொய்யர்கள் என்று சத்தியம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தார்கள். பேத்தி வளர்ந்தாள். எல்லாத் தாத்தாக்களின் கைகளும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, கதவு நிலையில் ஏறுவதுபோல அவர்மேல் ஏறி விளையாடினாள். மாதத்தின் முதல் தேதியில் மனைவி பேத்தியை மேசையில் கிடத்தி, அவருடைய கைகளுக்கு நடுவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்ப்பார். மூன்றாம் வருடம் ஐந்து அங்குலம் மிச்சம் இருந்தது.

ஐந்து வருடம் முடிந்ததும் விரிகுடாவைத் தூண்டிலுக்குத் திறந்தார்கள். ஆளுக்கு ஒரு மீன், இரண்டு அடிக்குமேல் இருந்தால் தாய்மீன் என்று திருப்பி விட்டுவிட வேண்டும். பல் டாக்டர் வெறுமனே பார்க்க வந்தார். ஐந்தேகால் அடிக்கு இன்னும் இரண்டு வருடமாவது வேண்டும் என்று அவருக்கே தெரியும். ஆழப் பாறையை மட்டும் மேலும் மூடிவைக்கச் சொல்லி டீச்சரிடம் மனு கொடுத்திருந்தார், அடுத்த தேர்தலில் அவருக்காக வீடுவீடாகப் பக்கவாட்டில் போய் ஓட்டுக் கேட்கவும் ஒப்புக்கொண்டிருந்தார். தையல்காரர் படியில் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். மனைவியும் மகளும் மேலே தூண்டிலைப் பிடித்துக்கொண்டார்கள்.

"லேசா விடு, இழுக்காத."

"நீங்க பேசாம நில்லுங்க. பேசித்தான் இவ்வளவும் வந்தது."

பதினொன்றரை மணிக்குத் தூண்டில் வளைந்தது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். பழுப்புப் புள்ளிகளோடு ஒரு கலவா அவசரமில்லாமல் வந்து அவருடைய கைகளுக்கு நடுவில் நின்றது. வாய் வலது உள்ளங்கையில் பட்டது, வால் இடது உள்ளங்கையில் பட்டது. நூல் பிசகவில்லை. அவர் அதைப் பார்த்தார், அதுவும் அவரைப் பார்த்ததாகத்தான் தோன்றியது. மகள் படியிறங்கிக் குனிந்து முள்ளைக் கழற்றினாள். மீன் நழுவி ஆழத்துக்குப் போயிற்று. ஐந்து வருடம் எட்டு மாதத்துக்குப் பிறகு அவருடைய கைகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன.

நனைந்த உடையோடு படியேறி வந்து பேத்தியை இரண்டு கைகளாலும் தூக்கினார். அவள் இப்போது சரியாக நாற்பத்திரண்டு அங்குலம், கனமும் அதற்கேற்ப. "தாத்தா, நான் பெரியவளாயிட்டேன், இறக்கி விடு" என்றாள். அவர் விடவில்லை. முகத்தை அவள் தோளில் புதைத்துக்கொண்டு நின்றார், மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெட்டிக்குப் பக்கத்தில் அதே அதிகாரி, முன்தலையில் கொஞ்சம் நரையோடு, அட்டைகளை வைத்துக்கொண்டு நின்றார். "மீன் எவ்வளவு நீளம் சார்?" என்று கேட்டார். தையல்காரரின் இரண்டு கைகளிலும் பிள்ளை இருந்ததால் வாயால்தான் சொல்ல முடிந்தது.

"மூணரை அடி."

தூண்டில் சங்கத்தார் சொல்லும் நீளத்தைப் பாதியாக்கி எழுத வேண்டும் என்று மீன்வளத் துறையில் உத்தரவு வந்து வருடக் கணக்காகியிருந்தது. அதிகாரி ஒன்றே முக்கால் அடி என்று எழுதிப் பெட்டியில் போட்டார். தையல்காரர் மறுத்துப் பேசவில்லை. பேத்தியை இறக்காமலேயே வீடுவரை நடந்தார்.