புதுப் பியூஸ் பெட்டி

ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் அடக்கம் செய்ய இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். ஜன்னல் சட்டத்தைப் பிடித்தபடி கைரியா பார்த்துக்கொண்டே நின்றாள். கட்டுக்கலைத் தெருவின் மழை மூட்டத்தில் சந்தூக்குப் பெட்டியின் பச்சைப் போர்வை மட்டும் தெரிந்தது. கலிமாச் சத்தம் ஒரு வளைவில் கேட்டது, அடுத்த வளைவில் இல்லை. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, தொப்பியைக் கழற்றி ஒதுங்கி நின்றார். எல்லோரும் கடந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேராக இவர்கள் வாசலுக்கே வந்தார்.

கரண்ட் கந்தோர் இன்ஸ்பெக்டர் வில்பிரட். யா அல்லாஹ், இந்த மனிதருக்காகத்தானே அவள் புருஷன் பளீல் படுக்கையில் கிடந்து வழி பார்த்தார்! பழைய பியூஸ் பெட்டி புகைந்து கருகிய பிறகு, காய்ச்சலோடு எழுந்து நின்று புது இரும்புப் பெட்டியைச் சுவரில் பூட்டுவித்தவர் அவர். பூட்டினால் மட்டும் போதாது. கந்தோர் ஆள் வந்து வீட்டு வயரையெல்லாம் சோதித்துத் தாளில் எழுதினால்தான் கரண்ட் விடுவார்கள். "இன்ஸ்பெக்டர் வந்தா லைட் வந்திரும் புள்ள," என்று நேற்றும் சொன்னார். இன்று விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு முன்னே, குப்பி லாம்பு வெளிச்சத்தில் மவுத்தானார். நேற்றே வந்திருந்தால் இந்த ஆளுக்கு என்ன குறைந்துவிடும்? கைரியாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து பளீலின் தம்பி சாஹுல் ஹமீது திரும்பும்வரை வில்பிரட் விறாந்தையில் காத்திருந்தார். பிறகு இருவரும் ஒவ்வோர் அறையாகப் பார்த்துவந்து, கைரியா இருந்த அறை வாசலில், தொங்கவிட்ட திரைக்கு வெளியே நின்றுவிட்டார்கள். புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கவேண்டும். அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. மச்சினனும் அந்நியன்தான்.

"இந்த ரூமைப் பாக்காம நான் எழுத முடியாதுங்க முதலாளி," என்றார் வில்பிரட்.

"அப்ப இந்த ரூமுக்குப் போற வயர வெட்டி விடுங்க. இத்தாவில ஈக்கிறவங்களுக்கு லைட் என்னத்துக்கு? குப்பி லாம்பு போதும்."

திரைக்கு இந்தப் பக்கம் கைரியாவுக்கு அது கேட்டது. வீட்டுக்குக் கரண்ட் வந்த நாளிலிருந்து, ஒவ்வோர் இரவும் பளீல் சுவிச்சில் கை வைத்துக்கொண்டு கேட்பார்: "அணைக்கட்டா?" அவள் "கொஞ்சம் கிடக்கட்டும்" என்பாள். சொல்லிக்கொண்டே தூங்கிப்போவாள். அவர் அணைத்ததை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பயத்தில் சுவிச்சைத் தொட்டதுமில்லை. அந்த லைட்டையா வெட்டப்போகிறான் இவன்!

"வெட்ட வேணாம்," என்றாள் சத்தமாக. "உள்ளுக்கு என்ன செய்யணும் எண்டு கேளுங்க. நான் செய்றேன்."

தங்கை ருக்கியா அவள் கையைப் பிடித்தாள். "ராத்தா, ஒங்களுக்கென்ன பைத்தியமா? ஷாக் அடிச்சிரும்!"

"கரண்ட் இன்னும் வரலம்மா, பயப்படாதீங்க," என்றது வில்பிரட்டின் குரல். "பல்பைக் கழட்டுங்க. சுவிச்சைக் கீழ தட்டுங்க. பிறகு ஒண்ணையும் தொடாம நில்லுங்க."

பல்பு கட்டிலுக்கு நேர் மேலே. மெத்தையைச் சுருட்டி மூலையில் வைத்திருந்தார்கள். காலையிலிருந்து அந்தப் பக்கமே போகாதவள், பிஸ்மி சொல்லி வெறும் பலகையில் ஏறினாள். அவர் புரண்டு படுக்கும்போது வரும் அதே சத்தம் வந்தது. பல்பை அமுக்கித் திருப்பினாள். முட்டை மாதிரி இலேசாகக் கைக்கு வந்தது. இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு சுவிச்சைத் தட்டினாள்.

விறாந்தையில் வில்பிரட் வயர் சோதிக்கும் ஒரு கறுப்புப் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினார். காப்பிக்கொட்டை அரைப்பதுபோன்ற சத்தம் சுவரெல்லாம் ஓடியது. சாம்பிராணிப் புகையும் ஜன்னலால் வந்த மூட்டமும் அறைக்குள் கலந்தன. எல்லாம் கனவு, சத்தம் நின்றதும் அவர் இருமிக்கொண்டே எழுந்து உட்காருவார் என்று கைரியா நம்பினாள். சத்தம் நின்றது.

"வயர் நல்லா இருக்கும்மா. பல்பைப் போட்டுடுங்க."

கைரியா மறுபடி பலகையில் ஏறிப் பல்பைப் போட்டாள். தாளில் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். சாஹுல் ஹமீது பேனாவுக்குக் கை நீட்டினான்.

"அவங்க போடட்டுங்க," என்றார் வில்பிரட்.

ருக்கியா தாளை வாங்கி உள்ளே கொண்டுவந்தாள். அதில் பளீலின் பெயர் முன்பே எழுதியிருந்தது. அதைக் கண்டதும் கைரியாவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. வாய்விட்டு அழுதாள், அன்று முதல் தடவையாக. பிறகு முகத்தைத் துடைத்து, சிறுவயதில் ஓதப் போன இடத்தில் பழகிய, அரபு எழுத்தாலான அரபுத்தமிழில், வலமிருந்து இடமாகத் தன் பெயரை எழுதினாள்.

"இதுல எது தலைப்பக்கம்?" என்று வில்பிரட் மெதுவாகக் கேட்பதும், சாஹுல் ஹமீது தாளைத் திருப்பிக் காட்டுவதும் கேட்டது.

விறாந்தையில் புதுப் பெட்டியின் இரும்புக் கை டொக்கென்று விழுந்தது. அறை வெளிச்சமானது. வெறும் பலகை, சுருட்டிய மெத்தை, ஆணியில் தொங்கிய அவர் தொப்பி.

வில்பிரட் திரைக்கு அருகில் வந்தார். "எரியுதாம்மா?"

"எரியுது."

"சரி. ஒரு தடவ அணைச்சுப் பாருங்க."

கைரியா சுவிச்சில் கை வைத்தாள்.

"கொஞ்சம் கிடக்கட்டும்," என்றாள்.

திரைக்குக் கீழே தெரிந்த வில்பிரட்டின் சப்பாத்துக் கால்கள் நகராமல் நின்றன.