கயாக்கில் பூத்த வெள்ளை

எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், என் சிவப்புக் கயாக்கைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இரண்டு பேர் போகக்கூடிய பழைய பிளாஸ்ரிக் படகு. முன் ஆசனத்தில் இதுவரை ஒருவரும் இருந்ததில்லை, என் மனைவி நிருஷாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். போன வாரம் அவளே, ஞாயிற்றுக்கிழமை பொல்கொட வாவிக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். எங்கிருந்து வந்தது இந்தத் துணிச்சல் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவாள்.

தனியாகப் போகிறபோது படகு எப்படி இருந்தால் என்ன என்றிருந்தேன். இனி அப்படி இருக்க முடியாது. படகு இன்னும் உறுதியா என்று பார்க்கக் கொட்டாஞ்சேனை நண்பன் ரொனி போனில் வழி சொன்னான். வெயில் தின்ற பிளாஸ்ரிக்கைத் தடவினால் கையில் வெள்ளையாக ஒட்டுமாம். பிளேட்டால் சீவினால் சுருள் வரவேண்டுமாம். தூளாக உதிர்ந்தால் தூக்கி எறிய வேண்டியதுதானாம்.

சனி காலை மேலே போய்ப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன், உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தேன். வெடிப்பு ஒன்றும் இல்லை. அடிப்பக்கத்தைத் தடவினேன். விரலெல்லாம் வெள்ளை. நிருஷாவைக் கூப்பிட்டு, நாளைக்குப் போக முடியாது என்றேன்.

அவள் அந்த வெள்ளையைத் தொட்டு, நாக்கில் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, இது பிளாஸ்ரிக் இல்லை. மோர்."

படகின் மேல் ஒரு சாமானும் வைக்கக் கூடாது என்பது என் கட்டளை. நான் கந்தோருக்கு வேலைக்குப் போனதும் அவள் பழைய சேலையை நாலாய் மடித்து அதில் விரித்து, மோர்மிளகாயோ வடகமோ காயப் போட்டு வந்திருக்கிறாள். சேலையில் ஊறிய மோர்தான் படகில் காய்ந்திருக்கிறது. நான் வருமுன் எடுத்துவிடுவாளாம். நானும் அவற்றைப் பொரித்துத் தரச்சொல்லி ரசித்துத் தின்றிருக்கிறேன்.

கோபம் வந்தது. ஆனால் அதைவிட, கழுவினால் அடியில் என்ன இருக்கும் என்று பார்க்கும் ஆவல்தான் கூட. ஈரத்துணியால் துடைத்தோம். சேலை எட்டாத மூக்குப்பக்கம் வெயிலில் வெளிறி ரோஸ் நிறமாகியிருந்தது. அங்கே பிளேட்டுக்குக் குட்டைச் சுருள்தான் வந்தது, ஆனால் தூளாக உதிரவில்லை. சேலை விரித்த இடம் வெயில் படாமல் வாங்கிய நாளின் சிவப்பு. அங்கே கரட் தோல்போல நீளமாகச் சுருண்டு வந்தது.

மூக்குப்பக்கத்தையும் மூட ஒரு கன்வஸ் வாங்குவோம் என்றேன். இன்னொரு சேலை இருக்கிறது என்றாள். அப்போதுதான் துணிந்து கேட்டேன், நாளைக்குப் பயமில்லையா என்று.

"ஒவ்வொரு நாளும் தொட்டுத் தொட்டுப் படகோட பழகிட்டன்," என்றாள். "இனித் தண்ணியோடதான் பழகவேணும்."