தம்பிக்கு வெள்ளை, அண்ணனுக்குக் கறுப்பு

மெலாந்தோஸுக்குக் காலையிலிருந்தே தம்பி மேல் எரிச்சல். ஏதென்ஸில் போலிக் குடிமக்கள் பெருகிவிட்டார்களாம்; ஊர் ஊராக ஒவ்வொரு பெயரையும் மறுபடி வாக்குக்கு விடச் சொல்லி உத்தரவு. ஊரார் ஜாடியில் கல் போடுவார்கள்; வெள்ளை என்றால் ஊர்க்காரன், கறுப்பு என்றால் அந்நியன். கறுப்பு அதிகமானால் நிலம், வீடு, உரிமை எல்லாம் போச்சு. நகர நீதிமன்றத்தில் முறையிடலாம். அங்கும் தோற்றால் அடிமையாக ஏலம் போட்டுவிடுவார்கள். தம்பி எவாகோனோ தோப்புப் பள்ளியில் தத்துவம் படிக்கிறேன் என்று வானத்தைப் பார்த்து உட்கார்ந்தே தலை நரைத்தவன். ஊரில் பாதிப் பேருக்கு அவன் முகமே தெரியாது.

“ஒரு தடவையாவது ஊர்க் கூட்டத்துக்கு வந்திருக்கியாடா? இவன் யாருன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

எவாகோன் அத்திப்பழத்தை மென்றுகொண்டே நடந்தான். “வேலை எதுக்குண்ணே செய்யறோம்? முடிச்சிட்டு நிம்மதியா இருக்கத்தானே? அப்ப எது பெரிசு?”

“நீ திங்கிற பழம் யார் உழைச்சு வந்தது?”

“நீதான். எங்க வாத்தியாரே ஒத்துக்குவார். சாப்பிட்டதுக்கு அப்புறம் என்னங்கறதுதான் கேள்வி.”

“சாப்பிட்டதுக்கு அப்புறம் பாத்திரம் கழுவணும். வாயை மூடிட்டு வா.”

கூட்டத்தில் எவாகோன் பெயர் முதலில் வந்தது. “யாருப்பா அது?” என்று பின்னால் ஒருவன் கேட்க, “அதான், மரத்தைப் பாத்துப் பேசிட்டுப் போவானே!” என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வெள்ளைக் கல்லைப் போட்டார்கள். ஜாடியைக் கவிழ்த்தால் ஒரு கறுப்புகூட இல்லை. மெலாந்தோஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி என்ன கவலை, தன்னைத்தான் ஊருக்கே தெரியுமே!

தெரிந்ததுதான் வினை. கோயில் நிலத்தில் ஆடு மேய்த்தவர்களை விரட்டியவன் அவன். தெருவில் சாணம் கொட்டியவனை அள்ள வைத்தவன். பலி இறைச்சியில் எவனுக்கும் பங்குக்கு மேல் ஒரு துண்டும் கொடுக்காதவன். ஊர்த் தலைவன் தெய்சியாஸ் நகர்த்தி வைத்த எல்லைக் கல்லைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே நட்டவனும் அவன்தான்.

“இவங்கப்பன் ஏதோ தீவிலேர்ந்து கப்பல்ல வந்து இறங்கினவன்னு கேள்வி,” என்றான் தெய்சியாஸ், மெலாந்தோஸ் பெயர் வந்ததும், யாருக்கோ சொல்வதுபோல.

“அடப்பாவி! எங்கப்பா சவத்தைத் தூக்கினவனே நீதானடா!”

யார் காதிலும் விழவில்லை. ஜாடி கவிழ்ந்தது. கறுப்பே அதிகம்.

இந்த ஊருக்கு ஓடி ஓடிச் செய்ததெல்லாம் இதற்குத்தானா என்று குமுறினான் மெலாந்தோஸ்.

அப்போது எவாகோன் எழுந்தான். கூட்டத்தில் அவன் பேசியது அதுதான் முதல் தடவை. “ஒரே அப்பா, ஒரே அம்மா. எனக்கு வெள்ளை, இவருக்குக் கறுப்பா? இவர் அந்நியர்னா நானும் அந்நியன்தான். என் பேருக்கு மறுபடி கல் போடுங்க.”

“உக்காருடா!” என்று அண்ணன் கத்தினான்.

தெய்சியாஸுக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி. “அவனே கேக்கறான், போடுங்கப்பா.” போட்டார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கறுப்புதான் வந்தது.

திரும்பும் வழியில் மெலாந்தோஸ் தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினான். “கிறுக்கா! நீதிமன்றத்துல தோத்தா ரெண்டு பேரும் ஏலத்துல நிக்கணும்டா. நாள் பூரா யோசிக்கிறவனாச்சே, இதை யோசிச்சியா?”

“இல்லண்ணே. யோசிக்காம செஞ்சது இது ஒண்ணுதான்.”

மெலாந்தோஸ் தான் நட்ட அந்த எல்லைக் கல்லின் மேலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். எவாகோன் பக்கத்தில் புழுதியில் உட்கார்ந்தான். “அண்ணே, நீதிமன்றத்துல முதல்ல என்ன சொல்லணும், சொல்லிக் குடு,” என்றான்.