சம்பாவின் அக்கா

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. நூலகத்துப் பிள்ளைகளை எழுத்தாளர் அகிலாண்டத்தின் வீட்டுக்கு அழைத்துப்போன அன்று காலை பனி இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அகிலாண்டம் எழுதிய முதல் புத்தகத்தின் அட்டையிலும் பனி மூடிய வயல்தான். எது எதற்குள் புகுந்துகொண்டது என்று தெரியவில்லை. பிள்ளைகள் பேசியது மட்டும் அப்படியே காதில் இருக்கிறது.

திருக்காட்டுப்பள்ளியில் நான் வேலை பார்க்கும் நூலகத்தில் அதிகம் கிழிந்தவை, அதிகம் ஒட்டப்பட்டவை அகிலாண்டத்தின் புத்தகங்கள்தான். அவற்றின் நாயகி ஒரு வயல் எலி. பெயர் சம்பா. காதில் சின்னதாக ஒரு வெட்டு. எதைக் கண்டாலும் முகர்ந்து பார்த்துவிட்டு, "யோசிக்கணும்" என்பாள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போவாள். அறுவடை இயந்திரத்தின் சத்தத்துக்குப் பயப்படுவாள். பெரிய சாகசம் எதுவும் கிடையாது. நெல்லைத் தின்னும் எலியை, நெல் விளைவிக்கிறவர்களின் பிள்ளைகள் இத்தனை வருடமாக எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று பல மாலைகள் தனியாக உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. இன்றும் நூலகத்தைப் பூட்டும் முன் சம்பாவை ஒரு பக்கமாவது படித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

ஒரு அரையாண்டு விடுமுறையில் நூலகத்துக்கு வரும் பிள்ளைகளை அகிலாண்டத்தின் வீட்டுக்கு அழைத்துவரலாமா என்று கேட்டேன். பூதலூர் பக்கத்தில், அவரும் கணவர் தங்கையனும் குத்தகைக்குப் பயிர் செய்யும் நிலத்தை ஒட்டிய வீடு. வரச்சொன்னவர், முந்தின நாள் போன் செய்தார்.

"தம்பி, ஒரு சிக்கல். பயிர் பால் பிடிக்கிற நேரம். எலி வெட்டு தாங்க முடியல. இன்னைக்குச் சாயங்காலம் கிட்டிக்காரர் வந்து கிட்டி வைக்கிறார்."

கிட்டி என்பது மூங்கிலை வளைத்துச் செய்யும் பொறி. உள்ளே வறுத்த அரிசிமாவு இருக்கும். எலி வாய் வைத்ததும் கயிறு கழுத்தை இறுக்கிவிடும்.

"காலையில வெள்ளனவே எடுத்துடச் சொல்லியிருக்கேன். ஆனாலும் புள்ளைங்களை வயல் பக்கம் விடாதீங்க. சம்பாவை எழுதினவ வயல்லயே எலி செத்துத் தொங்கினா, அப்புறம் அந்தப் புத்தகத்தைத் தொடுமா? அதுங்க தொடலைன்னா நான் யாருக்கு எழுதுறது?"

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மறுநாள் கிட்டிகளை எடுக்க வரவேண்டிய கிட்டிக்காரரின் வண்டி வழியில் நின்றுபோனது. அது எங்களுக்குத் தெரியாது. வேனை விட்டு இறங்கியதும் பிள்ளைகள், "சம்பா வீடு எங்க?" என்று கத்திக்கொண்டு நேராக வரப்பில் ஓடினார்கள். எதிரே தங்கையன் வந்துகொண்டிருந்தார். தானே எடுத்த கிட்டிகள் இரண்டு கை நிறைய. அவற்றில் பாதியில் செத்த எலி.

"வரப்பு வழுக்கும், நில்லுங்க புள்ளைங்களா!" என்றபடி கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவ்வளவு கிட்டியை எங்கே மறைப்பது?

எல்லாரும் நின்றுவிட்டார்கள். வீட்டு வாசலில் அகிலாண்டம் அசையாமல் நின்றிருந்தார்.

முதலில் பேசியது அஸார், அவன் அப்பாவைப் பற்றி. "எங்க அத்தா வைக்கிற கிட்டி இதைவிடப் பெருசு."

"பெருசா இருந்து என்ன? உங்க வயல் எலியெல்லாம் அதுல ஊஞ்சல் ஆடுதாம்" என்றாள் தஹ்மீனா.

"உன்கிட்ட வந்து சொல்லிச்சாக்கும்?"

"சம்பாதான் சொல்லிச்சு. போடா."

சிரித்தார்கள். அகிலாண்டம் மெல்ல வரப்புக்கு வந்தார். "உங்களுக்குக் கோவம் இல்லையா?"

தஹ்மீனாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "எங்க வீட்லயும் வைக்கிறாங்க ஆன்ட்டி. எல்லார் வீட்லயும்தான். சம்பா கிட்டில மாட்டாது. அது யோசிக்கும்ல?"

வானதி என்ற சிறுமி மட்டும் குத்தவைத்து உட்கார்ந்து, தங்கையன் கையில் தொங்கிய ஒரு செத்த எலியின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள். "ஆன்ட்டி, முதல் புக்குல சம்பாவுக்கு ஒரு அக்கா உண்டு. வாலை விட்டுத் தண்ணி ஆழம் பார்க்கும். அடுத்த புக்குல இருந்து காணோம். அது எங்க போச்சு?"

தங்கையன் கிட்டிகளைக் கீழே வைத்துவிட்டார்.

"நீ தேடினியா?" என்றார் அகிலாண்டம்.

"எல்லா புக்குலயும் தேடினேன். படத்துல பின்னாடி எங்கயாச்சும் நிக்குதான்னு."

அகிலாண்டம் அவள் பக்கத்தில் ஈர வரப்பிலேயே உட்கார்ந்தார். "முதல் புக்கு வந்த வருசம் இதே வயல்ல ஒரு கிட்டியில எலி தொங்குறதைப் பார்த்தேன். அதுக்கப்புறம் அக்காவை எழுத வரல. யாரும் கவனிக்க மாட்டீங்கன்னு நெனைச்சேன்."

"சம்பா கவனிச்சிருக்கும். தேடியிருக்கும்."

"ஆமா. தேடியிருக்கும்."

"அப்ப அதை எழுதுங்க."

"ஆனா சம்பா மாட்டக் கூடாது, சொல்லிட்டேன்" என்றான் அஸார்.

"மாட்டாது" என்றார் அகிலாண்டம். சிரித்தார்.

கிட்டியை மறந்துவிட்டுத்தான் பிள்ளைகள் சம்பாவை நேசிக்கிறார்கள் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்த வருடம் அந்தப் புத்தகம் வந்தது. சம்பா வயல் முழுக்க அக்காவைத் தேடுகிறாள். கடைசியில் மடை ஓரத்தில் நின்று, தன் வாலைத் தண்ணீருக்குள் விட்டு ஆழம் பார்க்கிறாள். அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அகிலாண்டம் எழுதியதிலேயே எனக்கு மிகப் பிடித்த பக்கம் அதுதான்.

வானதி இப்போது தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அஸார் குடும்பம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவன் அத்தாவோடு துபாய் போய்விட்டது. தஹ்மீனா திருவையாற்றுப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள், நூலகத்திலிருந்து எடுத்துப்போன சம்பாவின் இரண்டாம் புத்தகத்தை இன்னும் திருப்பித் தரவில்லை. தங்கையன் ஒவ்வொரு சம்பா பருவத்திலும் கிட்டி வைக்கிறார். அகிலாண்டம் எழுதிக்கொண்டிருக்கிறார். நான் இதே நூலகத்தில்தான் இருக்கிறேன்.